நரம்பும் நைலானும்

நரம்பு என்னும் சொல் தமிழில் உடலுக்கும் உரியது, இசைக்கும் உரியது. யாழில் கட்டிய இழையைப் பண்டைத் தமிழர் நரம்பு என்றனர். அவ்விழையினின்று பிறந்த சுரத்தையும் நரம்பு என்றே வழங்கினர். ஒலியைப் பிறப்பிக்கும் பொருளின் பெயரே ஒலிக்கும் பெயராய் நின்றது என்றால், யாழின் உறுப்புக்களுள் நரம்புக்கு அவர்கள் தந்த இடம் எத்தகையது என்பது விளங்கும். நன்மரமும் வளைந்த கோடும் கருவிக்கு அழகு செய்யும். ஆயினும் நரம்பு தீதாயின் அவ்வழகெல்லாம் ஊமை அழகே.

ஆதலின் நரம்பை ஆராய்ந்து கொள்ளும் வழக்கம் மிகப் பழமையானது. சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையோடு இசைப்போர் செய்யப் புகுந்த சீவகன், யாழைக் கையில் வாங்கியவுடனே வாசிக்கத் தொடங்கிவிடவில்லை. மரத்தை நோக்கினான், நரம்பின் புரியை நெகிழ்த்து நோக்கினான், குற்றமுடையவற்றை விலக்கினான். மயிர், தும்பு, முறுக்கு, கொடும்புரி என நரம்புக்கு நான்கு குற்றங்கள் உண்டு என்று இசை வல்லார் வகுத்துரைத்தனர். நான்கும் இழையின் சீர்மையைக் கெடுப்பனவே.

மேனாட்டாரும் இத்துறையில் கண்விழிப்பாகவே இருந்தனர். 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் லூட் என்னும் நரம்புக் கருவி பெருவழக்காக இருந்தது. அதனைக் கற்பிக்க எழுந்த நூல்கள் நரம்பு வாங்குவோருக்கு ஓர் எளிய சோதனையைச் சொல்லின. நரம்பின் ஒரு துண்டை இரு கைகளாலும் இழுத்துப் பிடித்து ஒரு விரலால் தெறித்தல் வேண்டும். அதிரும் நரம்பு இரண்டு கோடுகளாகத் தெளிந்து தோன்றுமாயின் அது மெய்ந்நரம்பு. பல கோடுகள் கலங்கித் தோன்றுமாயின் பொய்ந்நரம்பு. ஓரிடத்தில் தடித்தும் மற்றோரிடத்தில் மெலிந்தும் இருக்கும் இழை ஒழுங்காக அதிராது. ஒழுங்காக அதிராத இழையை எவ்வளவு திருத்தி வைத்தாலும் அது சுருதியில் நில்லாது. காதால் அறியவேண்டிய ஒன்றைக் கருவியில் பூட்டுமுன்னரே கண்ணால் அறிந்துகொள்ளும் இம்முறை மிக நுட்பமானது.

லூட்டுக்கு உறவான கருவி கித்தார். அது ஸ்பெயின் நாட்டில் சிறப்புற வளர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அந்தோனியோ தெ தோரெஸ் என்னும் ஸ்பெயின் நாட்டுத் தச்சர் அமைத்துத் தந்த வடிவமே இன்றைய கித்தாருக்கு முன்மாதிரி. நடுவில் இடை சுருங்கிய மரப்பெட்டி; அதன் மேற்பலகையில் வட்டமான துளை; பெட்டியினின்று நீண்டு செல்லும் கழுத்து; கழுத்தில் வரிசையாகப் பதித்த மெட்டுக்கள். கழுத்தின் தலையிலுள்ள முறுக்காணிகளிலிருந்து பெட்டியின் மீதுள்ள குதிரை வரை ஆறு நரம்புகள் ஓடுகின்றன. அதிரும் பகுதியின் நீளம் பெரும்பாலும் 65 சென்டிமீட்டர். வீணையை அறிந்தவருக்கு இவ்வுறுப்புக்களுள் எதுவும் புதிதன்று.

இவ்வாறு நரம்புகளுள் மெல்லியவை மூன்றும் நெடுங்காலம் ஆட்டுக்குடலால் ஆயவை. குடலைக் கழுவித் தசையும் கொழுப்பும் நீக்கிக் காரநீரில் ஊறவைப்பர். ஈரம் உலருமுன் இழைகளைச் சேர்த்து முறுக்குவர். இழுத்துக் கட்டி உலர்த்திப் பின் மெருகிடுவர். ஆங்கிலேயர் இந்நரம்பைப் பூனையின் பெயரால் அழைக்கின்றனர். பூனைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தடித்த நரம்புகள் மூன்றும் வேறுவகை. பட்டு நூலை உள்ளே வைத்து, அதன்மேல் மெல்லிய உலோகக் கம்பியை நெருங்கச் சுற்றி அவற்றை அமைத்தனர்.

குடல் நரம்பின் ஒலி இனியது. இதனை மறுப்பார் இலர். அதனால் வந்த துன்பமோ பெரிது. காற்றில் ஈரம் மிகுந்தால் சுருதி மாறும். ஈரம் குறைந்தாலும் மாறும். விரல்நகம் படப்பட இழை பிரிந்து நார் எழும். எல்லாவற்றினும் மெல்லிய முதல் நரம்பு எப்பொழுது அறும் என்று சொல்ல இயலாது. ஆயிரம்பேர் கூடிய அரங்கில், தனியொருவராக அமர்ந்து வாசிக்கும் கலைஞருக்கு நரம்பு அறுந்தால் பாட்டு அவ்விடத்திலேயே நின்றுவிடும்.

அங்ஙனமாயின் வேறொரு பொருளால் நரம்பு செய்தால் என்ன? இக்கேள்வி எளியதாகத் தோன்றும். இதற்கு விடை காண, நரம்பு எவ்வாறு ஒலிக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நரம்பு ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறதோ அத்தொகையே அதன் அதிர்வெண். அதிர்வெண் மிகுந்தால் ஒலி உயரும், குறைந்தால் தாழும். கித்தாரின் மிக உயர்ந்த முதல் நரம்பு நொடிக்கு ஏறத்தாழ 330 முறை அதிர்வது. மிகத் தாழ்ந்த ஆறாம் நரம்பு ஏறத்தாழ 82 முறை அதிர்வது. இவ்வெண்ணை நிறுவுவன மூன்று: நரம்பின் நீளம், அதனை இழுக்கும் விசை, அதன் கனம். நீளத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி உயரும். பன்னிரண்டாம் மெட்டில் விரலை அழுத்துவோர் செய்வது இதுவே.

இழுவிசையைப் பற்றியோ ஒரு தவறான கருத்து நெடுங்காலம் நிலவிற்று. நரம்பில் தொங்கவிட்ட எடையை இருமடங்காக்கினால் ஒரு ஸ்தாயி உயரும் என்று கிரேக்க அறிஞர் பித்தாகோரசின் பெயரால் நூல்கள் கூறிவந்தன. கூறியவர் பெரியார் என்பதனால் யாரும் எடையைத் தொங்கவிட்டுப் பார்க்கவில்லை போலும்! வின்சென்சோ கலிலேயி என்னும் இத்தாலிய லூட் கலைஞர் பார்த்தார். இவர் வானநூல் வல்லுநராகிய கலிலியோவின் தந்தை. இருமடங்கு போதாது, நான்கு மடங்கு எடை வேண்டும் என்று கண்டு, அதனை 1589-ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் எழுதினார். பின்னர் 1636-37-ஆம் ஆண்டுகளில் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி நீளம், இழுவிசை, கனம் ஆகிய மூன்றையும் இணைத்து நரம்பின் விதிகளைத் தொகுத்து வெளியிட்டார்.

இவ்விதிகளால் பெறப்படுவது யாது? ஒரு பொருளுக்கு மாற்றாக வேறொரு பொருளை வைப்பின், அதன் கனத்துக்கு ஏற்பத் தடிப்பை மாற்றல் வேண்டும். கனம் குறைந்த பொருளாயின் இழை தடித்திருத்தல் வேண்டும். கனம் மிக்க பொருளாயின் மெலிந்திருத்தல் வேண்டும். தடித்த இழை வளைந்து கொடுக்காது. அதன் ஒலி மழுங்கும். மிக மெலிந்த இழை இழுவிசையைத் தாங்காது, அறும். ஆட்டுக்குடல் இவ்விரண்டுக்கும் இடையில் தற்செயலாகப் பொருந்தி நின்றது. அதற்கு ஈடாக நிற்கக்கூடிய பொருள் பல நூற்றாண்டுகளாகக் கிட்டவில்லை.

அப்பொருள் ஓர் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அமெரிக்காவில் டியூபான்ட் என்னும் வேதியியல் நிறுவனத்தில் பணியாற்றிய வாலஸ் கரோதர்ஸ் 1935-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நைலானை உருவாக்கினார். அது மக்களின் கைக்கு வந்ததைக் காண அவர் இருக்கவில்லை. 1937-ஆம் ஆண்டில் மறைந்தார். 1938-ஆம் ஆண்டில் நைலான் பல்துலக்கியின் மயிராக வந்தது. 1940-ஆம் ஆண்டில் மகளிர் காலுறையாக வந்தது. இசைக்கருவியை அப்பொழுது எவரும் நினைத்திலர்.

நினைக்கச் செய்தது போர். இரண்டாம் உலகப்போரில் புண்பட்ட வீரர் எண்ணிலர். அறுவை மருத்துவர் புண்ணைத் தைக்கப் பயன்படுத்திய இழையும் குடலிலிருந்து செய்யப்பட்டதே. உயிரைக் காக்கும் இழைக்கும் இசையை எழுப்பும் இழைக்கும் மூலப்பொருள் ஒன்றாயிருந்தது. இவ்விரண்டனுள் எது முந்தவேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. குடல் மருத்துவத்துக்குச் சென்றது. கித்தார் கலைஞர்கள் நரம்பின்றித் தவித்தனர். கிடைத்தவையும் தரங்குறைந்திருந்தன.

அக்காலத்தில் கித்தாரின் பெயரை உலகரங்கில் உயர்த்தியவர் ஆந்திரே செகோவியா. 1893-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் லினாரெஸ் நகரில் பிறந்தவர். கித்தார் சிற்றுண்டிச்சாலைக்கும் கூத்துக்குமே உரியது என்று எண்ணியிருந்தோர் நடுவில், பேரரங்குகளில் அதனைத் தனித்து வாசித்து மதிப்புத் தேடித்தந்தவர். இத்தகையவரும் நல்ல நரம்புக்காக அலைய நேர்ந்தது. ஒருவருடைய வாழ்நாள் உழைப்பு முழுவதும் ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கும் குறைந்த இழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

நியூயார்க் நகரில் ஆல்பர்ட் அகஸ்டின் என்னும் கருவித் தச்சர் இருந்தார். டென்மார்க் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். அவருக்கும் போர்க்காலத்தில் மூலப்பொருள் கிட்டவில்லை. படைத்துறையில் எஞ்சிய பொருள்களை விற்கும் ஒரு கடையில் அவர் நைலான் இழையைக் கண்டெடுத்தார் என்று அவர் மனைவி ரோஸ் அகஸ்டின் பிற்காலத்தில் கூறியுள்ளார். கடையில் அதனைக் கண்டோர் பலராக இருக்கலாம். அதனை வாங்கிக் கித்தாரில் பூட்டிப் பார்க்கவேண்டும் என்று எண்ணியவர் அகஸ்டின்.

நைலானை ஆக்கிய நிறுவனத்தாருக்கோ இம்முயற்சியில் நம்பிக்கை பிறக்கவில்லை. கித்தார் கலைஞர்கள் இதன் ஒலியை ஏற்கமாட்டார்கள் என்று அவர்கள் கருதினர். அகஸ்டின் சொல்லாடிப் பயனில்லை எனக் கண்டு, காதையே நடுவராக வைத்தார். எது குடல், எது நைலான் என்று காட்டாமல் நரம்புகளின் ஒலியை நிறுவனத்தாரின் பிரதிநிதிகள் கேட்குமாறு செய்தார். கேட்டவர்கள் நல்ல கித்தார் ஒலி இதுவே என்று தேர்ந்தது நைலானை! இதன்பின்னரே நிறுவனத்தார் துணைநின்றனர் என்பதும் ரோஸ் அகஸ்டின் கூறியதே. பொருளின் பெயரை அறிந்தபொழுது ஒன்றும், அறியாதபொழுது மற்றொன்றும் சொல்வது மனித இயல்பு. அகஸ்டின் அவ்வியல்பை நன்கு அறிந்தவர் என்றே கொள்ளலாம்.

ஆயினும் ஒரு சோதனையோடு வேலை முடிந்துவிடவில்லை. தொடக்கத்தில் வந்த நைலான் நரம்புகளின் ஒலியில் உலோகச் சாயல் கலந்திருக்கிறது என்ற குறை எழுந்தது. குடலினும் நைலான் கனம் குறைந்தது. ஆதலால் அதே இழுவிசையில் அதே சுரம் தருவதற்கு அதன் தடிப்பு நூற்றுக்கு ஏழு பங்கு அளவு மிகுதியாக இருத்தல் வேண்டும். தடிப்பு எங்கும் ஒரே அளவாகவும் இருத்தல் வேண்டும். மீன்பிடிக்கும் இழையில் சிறிது ஏற்றத்தாழ்வு இருந்தால் மீனுக்குத் தெரியாது. இசை நரம்பில் இருந்தால் முதற்சுரமே காட்டிக்கொடுத்துவிடும். செகோவியா புதிய நரம்புகளைத் தம் கருவியில் பூட்டி வாசித்தார். அவர் ஏற்றபின் பிறரும் ஏற்றனர். 1940-களின் பிற்பகுதியில் நைலான் நரம்புகள் விற்பனைக்கு வந்தன. தடித்த நரம்புகளின் உள்ளே இருந்த பட்டு நூலும் போயிற்று. அதன் இடத்தில் மெல்லிய நைலான் இழைகளின் தொகுதியை வைத்து, மேலே வெள்ளி பூசிய செப்புக் கம்பியைச் சுற்றினர்.

புதிய நரம்பைப் பூட்டுவதற்கும் முறை உண்டு. பழைய நரம்புகள் ஆறையும் ஒருங்கே கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுவது நன்று. கித்தாரின் மெல்லிய மேற்பலகை ஏறத்தாழ 40 கிலோகிராம் இழுவிசையைத் தாங்கிப் பழகியது. அதனைத் திடீரென விடுவித்து மீண்டும் ஏற்றுவதைக் காட்டிலும் சிறிது சிறிதாக மாற்றினால் சுருதி விரைவில் நிலைபெறும். நைலான் வழுக்கும் இயல்புடையது. குதிரையில் இடும் முடிச்சு செம்மையாக அமையாவிடில், முறுக்காணியைத் திருகும்பொழுது முதல் நரம்பு நழுவி வெளிவந்துவிடும்.

பூட்டியவுடனே நரம்பின் குணத்தைத் தீர்மானித்துவிடுதல் கூடாது. புது நைலான் இழுக்க இழுக்க நீளும். காலையில் சேர்த்த சுருதி நண்பகலில் இறங்கியிருக்கும். மீண்டும் சேர்த்தால் மாலையில் இறங்கியிருக்கும். இரண்டு மூன்று நாள் இவ்வாறு செய்தபின்னரே நரம்பு நிலைகொள்ளும். இதனை அறியாதவர் முதல்நாளிலேயே நரம்பைப் பழிப்பர். அறிந்தவர் இசைநிகழ்ச்சிக்குச் சில நாள்களுக்கு முன்பே நரம்பை மாற்றிவிடுவர்.

நிலைகொண்டபின் செய்யும் சோதனை ஒன்று உண்டு. பன்னிரண்டாம் மெட்டுக்கு நேரே நரம்பை அழுத்தாமல், விரல்நுனியால் மெல்லத் தொட்டுக்கொண்டு தெறித்தால் மணியோசை போன்ற மேலொலி எழும். அடுத்து, அதே மெட்டில் அழுத்தித் தெறித்தால் எழும் சுரம் அம்மேலொலியோடு ஒத்திருத்தல் வேண்டும். பழைய நரம்பில் ஒத்திருந்து புதிய நரம்பில் ஒவ்வாதாயின், குற்றம் கருவியினுடையதன்று. இழையின் தடிப்பு சீராக இல்லை என்பதே பொருள். லூட் ஆசிரியர்கள் இரு கோடுகளைக் கண்ணால் தேடியதும் இக்குற்றத்தைக் கண்டுபிடிக்கவே.

எஃகுக் கம்பி பூட்டிய கித்தாரும் உண்டு. அமெரிக்காவில் மார்ட்டின் நிறுவனத்தார் 1922-ஆம் ஆண்டில் எஃகுக் கம்பிக்கென்றே அமைந்த கித்தாரை ஆக்கத் தொடங்கினர். எஃகு நைலானைக் காட்டிலும் ஏறத்தாழ ஏழு மடங்கு கனமுடையது. ஆதலால் அதன் முதற் கம்பி 0.3 மில்லிமீட்டரே, நைலானின் முதல் நரம்போ 0.7 மில்லிமீட்டர். ஆனால் எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை 70 கிலோகிராமுக்கும் மேற்படும். இவ்வேற்றுமை அறியாது நைலானுக்கென அமைந்த கருவியில் எஃகுக் கம்பியைப் பூட்டுவோர் உளர். சில நாள் ஒலி ஓங்கி எழும், பின்னர் மேற்பலகை புடைக்கும், குதிரை பெயர்ந்துவிடும். புதுமையைச் சோதிக்குமுன் கருவி எதற்காக அமைந்தது என்று கேட்டறிதல் வேண்டும். எஃகு வகையில் தடித்த கம்பிகளின்மேல் வெண்கலம் சுற்றுவது வழக்கம். அவை புதிதாயிருக்கையில் பளிச்சென்று ஒலித்து, விரல்களின் வியர்வையும் அழுக்கும் சுற்றுக்களின் இடையே படியப்படிய ஒளி மங்கும்.

நைலான் எல்லாக் குறையையும் தீர்த்துவிட்டது என்று சொல்லுதற்கில்லை. முதல் இரண்டு நரம்புகளில் அது குடலுக்கு ஈடாக நின்றது. அறாமல் உழைப்பதில் குடலை வென்றது. மூன்றாம் நரம்பிலோ இன்றும் இடர்ப்படுகிறது. நைலானில் அது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்புடையது. அத்தடிப்பினால் விறைத்து, மற்ற நரம்புகளோடு சேராமல் மங்கலாக ஒலிக்கிறது. கித்தார் பயில்வோர் முதலில் குறைகூறுவது இந்நரம்பையே. பழங்காலத்து இசையைப் பழைய ஒலியிலேயே கேட்க விழைவோர் இன்றும் குடல் நரம்பைக் கட்டுகின்றனர். மற்றையோருள் சிலர் ஃபுளோரோகார்பன் என்னும் வேறொரு செயற்கை இழையை நாடினர். அதுவும் மீன்பிடித் தொழிலில் வழங்குவதே. நைலானினும் கனமுடையதாதலால் மெல்லியதாக இருந்தே அச்சுரத்தைத் தருகிறது. ஒலியும் தெளிவாக உள்ளது. ஆயின் முதல் நரம்பில் அதன் ஒலி கூரியதாகி உறுத்துகிறது என்பாரும் உண்டு. ஆதலால் முதல் இரண்டையும் நைலானாகவே வைத்து, மூன்றாவதை மட்டும் மாற்றிக் கட்டிக்கொள்வோர் உளர்.